26,000னா கடைசி மூணு சைபர யார் எண்ணுனது?

தயிரும் கொத்தமல்லியும் வாங்கிட்டு வாங்கன்னு ஞாயித்துக்கெழம காலைல மாமனாரையும் மருமகனையும் இங்க சிட்னில ஹோம்புஷ் கடைக்கு அனுப்புனா சாயங்காலம் நாலு மணிக்கு வந்து நிக்கிறாங்க. தயிரும் இல்ல, கொத்தமல்லியும் இல்ல, எங்கப்பா கையில அந்த எல்ஐசி டைரி மட்டும் இருக்கு. எங்க போனீங்கன்னா ஸெட்லாண்டாம். அங்க என்னப்பா இருக்குன்னா, "ஒண்ணும் இல்லம்மா, அத உறுதி பண்ணிட்டு வந்தோம்"ங்கிறார்.

எல்லாம் எதுத்த வீட்டு கிரேக்கத் தாத்தா கராஜ்ல நிக்கிற மினி மோக்குங்கிற பழைய காரால வந்த வினை. எங்க வீட்டுக்காரருக்கு அது மேல ஒரு கண்ணுன்னு உங்களுக்கே தெரியும், எத்தன தடவ இங்க வந்து பொலம்பியிருக்கேன். கதவு கிடையாது, கண்ணாடி ஜன்னல் கிடையாது, மழைல நனையலாம், வெயில்ல காயலாம், அதுக்குக் குடுக்குற காசுல நாங்க நாலு பேரும் ஊருக்குப் போய்ட்டு வந்துரலாம். "ரேர் வண்டிடி, போகப்போக வெல ஏறும்"னு ஒரே பாட்டு. இந்தத் தடவ அந்தப் பாட்ட எங்கப்பா முன்னாடி பாடிட்டார். காலம்பூரா ஆடிட் பாத்த மனுஷன்.

"ரேர்னா எத்தன மாப்ள?"

முடிஞ்சுது. இவரும் ஆசையா போன எடுத்து, இங்கிலாந்துல 1964லேந்து 1968 வரைக்கும் 14,518 மாமான்னார். அப்பா கண்ணாடிய மாட்டிக்கிட்டு குறிச்சுக்கிட்டார். இங்க சிட்னில 1966லேந்து 1981 வரைக்கும் 26,000. பேனா நின்னுடுச்சு. "கரெக்டா 26,000ல வந்து நிறுத்திட்டானா?" சுமாரா மாமா. "சுமாரா யாராவது காரு பண்ணுவானா?" அப்புறம் போர்ச்சுகல், 1980லேந்து 1993 வரைக்கும் 10,000னு இவர் சொன்னதும் பேனா மூடியே போட்டுட்டார்.

இவர் சும்மா இல்லாம மூணையும் கூட்டி, ஆக மொத்தம் 50,518னு சொல்லிட்டார். அப்பாவுக்கு அப்ப வந்தது பாருங்க கோவம். ரெண்டு உத்தேசத்தோட ஒரு நெஜத்தக் கூட்டிட்டு கடைசில 18னு முடிக்கிறது, கல்யாணச் செலவுல 'இதர வகை ரெண்டு லட்சம்'னு ஒரே வரில போட்டுட்டு வெத்தல பாக்கு எட்டே கால் ரூபான்னு எழுதுற மாதிரியாம். உறையூர்ல ஒரு மில்லு ஓனர் அப்படித்தான் எழுதிட்டு வந்தாராம், கையெழுத்தே போடலையாம். அந்த ஓனர் கதை தனியா ஒரு மணி நேரம் ஓடுச்சு, தோசை மாவு பொங்கி வழிஞ்சதுதான் மிச்சம்.

இந்த வண்டிய முதல்ல பட்டாளத்துக்குன்னு யோசிச்சாங்களாம். மினி காரு டிசைன் பண்ண அலெக் இஸிகோனிஸ்தான் இதுக்கும் அப்பன். பாராசூட்ல கட்டி எறக்குற மாதிரி ஜீப்புன்னு திட்டம், ஆனா சக்கரம் பத்தே இன்ச்சு, வயிறு தரைய தட்டுது, பட்டாளம் வேண்டாம்னுடுச்சு. (சிட்னில அதுக்கு 1968ல 13 இன்ச்சு சக்கரம் போட்டு சரி பண்ணாங்களாம், இத இவர் என்னமோ தானே மாட்டுன மாதிரி சொல்றார்.) அப்புறம் வரி கம்மின்னு இங்கிலாந்துல சரக்கு வண்டிக் கணக்குல வித்திருக்கான். ஓட்டுறவன் சீட்டு மட்டும்தான் வண்டியோட வரும், பக்கத்து சீட்டு வேணும்னா தனி காசு. பொண்டாட்டிக்கு எக்ஸ்ட்ரா பில்லு! இவருக்கு இந்த வண்டி ஏன் புடிச்சிருக்குன்னு அப்பதான் எனக்கு வெளங்குச்சு. 1967ல வரிக்காரன் முழிச்சுக்கிட்டு, இது பயணிகள் காருதான்டான்னு சொல்லி வரியப் போட்டிருக்கான், அடுத்த வருஷமே கம்பெனிக்காரன் அங்க கடைய மூடிட்டான். அப்பா இத மட்டும் அவ்ளோ ரசிச்சுக் கேட்டார், திருப்பிச் சொல்லச் சொல்லி வேற கேட்டார்.

ராத்திரி படுக்கப்போற நேரத்துல கதவத் தட்டுறார். "மாப்ள, சிட்ரோயன் மெஹாரின்னு பிரான்ஸ்ல இதே மாதிரி ஒரு வண்டி, பாடி மட்டும் பிளாஸ்டிக், 1,44,953னு ஒத்த எண்ணு வரைக்கும் வச்சிருக்கான் பாருங்க, அதுல ஃபோர் வீல் டிரைவ் 1,213னு தனியா. அவன் மனுஷன்." அந்த பிரெஞ்சுக்காரன தத்து எடுத்துருவாரோன்னு பயந்துட்டேன்.

சரி, ஸெட்லாண்டுக்கு வரேன். இந்த மோக்கப் பண்ண பிஎம்சி கம்பெனியோட ஃபேக்டரி அங்கதான இருந்துச்சு, அங்க போனா ரெக்கார்டு கிடைக்காதான்னு கெளம்பியிருக்காங்க. எடம் மொதல்ல குதிரைப் பந்தய மைதானம், அப்புறம் கார் ஃபேக்டரி, 1970கள் நடுவுல மூடி, இப்ப பாத்த எடமெல்லாம் அடுக்குமாடி. அப்பா ஒரு காபிக் கடைல போய் அந்தப் பொண்ணுகிட்ட ரெக்கார்டு ரூம் எங்கன்னு கேட்டிருக்கார், அது பாவம் வைஃபை பாஸ்வேர்டு எழுதிக் குடுத்துருக்கு. ஸெட்லாண்ட மூடுனப்புறம் மோக் என்ஃபீல்டுலதான் பண்ணாங்கன்னு திரும்பி வர்ற வழிலதான் இவருக்கு ஞாபகம் வந்துச்சாம். என்ஃபீல்டு நம்ம வீட்டுலேந்து பத்து நிமிஷம்! அங்கயும் சுத்திட்டுத்தான் வந்திருக்காங்க. தயிரு விக்கிற கடை அந்த ரோட்லயே இருக்கு.

காலக் கழுவுன அப்பா அப்படியே நேரா எதுத்த வீட்டு கராஜுக்குப் போய்ட்டார். தாத்தா அந்தக் காலத்துல ஸெட்லாண்டுல வேல பாத்தவர். அவர் இங்கிலீஷும் எங்கப்பா இங்கிலீஷும் வேற வேற பாஷ, ஆனா மறுநாள் எட்டிப் பாத்தா ரெண்டு பேரும் பானெட்டுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு, தாத்தா கெரசின் துணியால சேஸிஸ் நம்பர் தகட்ட தேச்சுத் தேச்சு ஒவ்வொரு எழுத்தா படிக்க, அப்பா டைரில ஏத்துறார். பக்கவாட்டுல பொட்டி மாதிரி இருக்கே, அதோட மூடியத் தெறந்து அதுக்குள்ளயும் டார்ச் அடிச்சுப் பாத்தாச்சு. "கண்ணால பாத்து சரி பண்ணது ஒண்ணு. பாக்கி 25,999"னார் என்கிட்ட, ரொம்ப சீரியஸா.

ஏர்போர்ட்ல எறங்குன அன்னிக்கே "டிக்கெட்ட முன்னாடி மாத்த முடியுமா, பேச ஆளே இல்லையேம்மா"ன்னு கேட்டவர் எங்கப்பா. இப்ப டெய்லி சாப்ட்ட உடனே செருப்ப மாட்டிக்கிட்டு ரோட்டக் கிராஸ் பண்றார், அங்க அந்தக் கசக்குற காபிய சக்கர இல்லாம குடிக்கிறார், வீட்டுல நான் போட்டா டிகாக்‌ஷன் தண்ணின்னு கொற. நேத்து மெதுவா கேக்கறார், விசா நீட்டிக்க எவ்ளோ ஆகும்னு.

இன்னிக்கு நடந்ததுதான் உச்சம். இவர் மறுபடி வெல பேசப் போயிருக்கார். தாத்தா ஒரே போடு போட்டுட்டாராம், உனக்குத் தர மாட்டேன், நீ வெல ஏறுனா வித்துருவ, வேணும்னா உன் மாமனாருக்குத் தரேன், வெலையும் கொறச்சுக்கறேன்னு. இவர் மூஞ்சில ஆயிரம் வாட்ஸ் பல்பு, ஓடி வந்து அப்பா கையப் புடிச்சுக்கிட்டார். அப்பா டைரிய ஒரு தடவ பொரட்டிப் பாத்துட்டு சொல்றார்:

"கணக்கு டேலி ஆகாத வண்டி மாப்ள. நமக்கு வேணாம்."

இவர் ராத்திரி சாப்புடல. தயிர் சாதந்தான், நானே போய் வாங்கிட்டு வந்த தயிரு.