ஒரு ‘யெஸ்’ஸால் வீணான ஒரு வாரம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் உதவி மெர்ச்சண்டைசராக, அதாவது சரக்கு வாங்கும் பையர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் வேலையில், சேர்ந்து ஏழாவது மாதம். வெளிநாட்டு பையரிடமிருந்து போன். சீனியர் அக்கா துணிக்குச் சாயம் போடும் டையிங் யூனிட்டுக்குப் போயிருந்ததால் நான்தான் எடுத்தேன். எதிர்முனையில் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே காதில் இருக்கிறது: “ஸோ, யூ ஹேவன்ட் ரிசீவ்டு அவர் கமென்ட்ஸ் யெட்?”

அவர் கேட்டது லேப் டிப் கமென்ட்ஸை, அதாவது நாங்கள் அனுப்பிய சாய மாதிரித் துணிகளைப் பற்றிய அவர்கள் கருத்தை. அது எங்களுக்கு வரவில்லை. கேள்வியும் எனக்கு நன்றாகவே புரிந்தது. “யெஸ் மேடம்” என்றேன். அவர் “கிரேட்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

“கமென்ட்ஸ் வரலீங்களா?” என்று தமிழில் கேட்டால் நாம் “ஆமாங்க, வரலை” என்போம். கேட்டவர் சொன்னதை ஒத்துக்கொள்கிறோம் என்பதுதான் அந்த ‘ஆமா’வுக்குப் பொருள். ஆங்கிலத்தில் ‘யெஸ்’ அந்த வேலையைச் செய்வதில்லை. வந்திருந்தால் யெஸ், வராவிட்டால் நோ. கேள்வி எப்படி வளைந்து வந்தாலும் இது மாறாது. என் யெஸ்ஸைக் கேட்ட பையர், கமென்ட்ஸ் கிடைத்து டையிங் தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். நாங்களோ அவர் அனுப்புவார் என்று காத்திருந்தோம். ஏ, பி, சி என்று மூன்று ஷேடு அனுப்பி, அதில் ஒன்றை அவர்கள் ஓகே செய்தால்தான் மொத்தத் துணியையும் சாயத்தில் போட முடியும். இப்படியே ஒரு வாரம் போய்விட்டது. தூத்துக்குடியில் கப்பலேற வேண்டிய சரக்கில் ஒரு பகுதியை விமானத்தில் அனுப்ப வேண்டி வந்தது, கம்பெனி செலவில்.

மேனேஜர் என்னைத் திட்டவில்லை. “இனிமே போன் பேசி முடிச்சதும் ஒரு மெயில் போட்டுடு கண்ணு” என்று மட்டும் சொன்னார். அன்று இரவு காங்கயம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள் நான். ஆங்கிலப் பாடத்தில் நல்ல மதிப்பெண்தான் வாங்கினேன், ஆனால் கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதி வாங்கியது அது. 2022-ல் வந்த ‘நான் முதல்வன்’ திட்டத்தில் இப்போது கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் தருகிறார்கள். நான் படித்து முடிக்கும்வரை அப்படி எதுவும் இல்லை. அந்த போனுக்குப் பிறகு மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது, பிடித்த பொழுதுபோக்கு, மறக்க முடியாத பயணம் என்று மூன்று மாதம் போனது. கூச்சம் கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனால் மறுநாள் காலை பையருக்கு எழுத வேண்டிய நாலு வரிக்கு அங்கே விடை இல்லை.

வழி காட்டியது சீனியர் அக்காதான். ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் என் மெயிலில் ‘சென்ட்’ ஃபோல்டரைத் திறக்கச் சொன்னார். “நீ பேசப்போற இங்கிலீஷ் பூரா இதுக்குள்ளதான் இருக்குது. திரும்பத் திரும்ப இதையேதான எழுதற? இதை மட்டும் சரி பண்ணு, போதும்.” ஒரு நோட்டு வாங்கினேன். இடது பக்கம் நான் சொல்ல நினைத்தது, தமிழில். வலது பக்கம் நான் அனுப்பிய ஆங்கிலம். அதன் கீழே சிவப்பு மையில் அக்காவின் திருத்தம். ஒரு நாளைக்கு இரண்டு மெயில், அதற்கு மேல் இல்லை.

பத்துப் பதினைந்து பக்கம் ஆனதும் ஒன்று தெரிந்தது. என் தப்புகள் தாறுமாறாக வந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நல்ல தமிழ் வாக்கியம் இருந்தது.

‘நேத்து அனுப்பியிருக்கோம்’ என்பது தமிழில் சரியான பேச்சு. அதனால்தான் ‘வி ஹேவ் சென்ட் யெஸ்டர்டே’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் நாளைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ நிற்காது, ‘வி சென்ட் இட் யெஸ்டர்டே’ என்றுதான் எழுத வேண்டும். எப்போது என்று சொல்லாமல், வேலை முடிந்துவிட்டது என்பதை மட்டும் சொல்லும்போது ‘வி ஹேவ் சென்ட்’. எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் எழுதும் ‘வி ஹேட் சென்ட்’ இந்த இரண்டு இடத்துக்கும் பொருந்தாது. நடந்து முடிந்த இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்லும்போது முந்தி நடந்ததற்குத்தான் அந்த ‘ஹேட்’.

‘வெள்ளிக்கிழமைக்குள்ள’, ‘மூணு நாளைக்குள்ள’. நமக்கு இரண்டுக்கும் ஒரே ‘க்குள்’. அதையே ‘விதின் ஃப்ரைடே’ என்று எழுதியிருந்தேன். மூன்று நாள் என்ற அளவுக்குத்தான் ‘விதின்’ வரும். வெள்ளி என்ற கெடுவுக்கு ‘பை ஃப்ரைடே’. ‘சந்தேகம்’ என்று நினைத்து ‘ஐ ஹேவ் எ டவுட் இன் மெஷர்மென்ட் சார்ட்’ என்று எழுதினால், அந்த அளவுப் பட்டியலையே நான் நம்பவில்லை என்று படிப்பவருக்குத் தோன்றும். அங்கே வேண்டியது ‘கொஸ்டின்’.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது நாம், நாங்கள் விவகாரம். ‘வி நீட் டு செக் த ஷேட்’ என்று ஒரு மெயில் போட்டிருந்தேன். ‘நாங்க செக் பண்ணணும்’ என்பதுதான் என் மனதில் இருந்தது. பையர் அதை ‘நாம செக் பண்ணணும்’ என்று எடுத்துக்கொண்டு, தன் பக்கம் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதினார். தமிழில் இரண்டு சொல்லாக இருப்பது அங்கே ஒன்றாகிவிடுகிறது. அன்றிலிருந்து வேலையை யார் செய்வார்கள் என்று சொல்லும் வாக்கியத்தில் ‘வி’யை விட்டுவிட்டேன். ‘அவர் டையிங் யூனிட் வில் செக் த ஷேட்’ என்றே எழுதுகிறேன்.

மரியாதை இன்னொன்று. நமக்கு அது ‘ங்க’வில் இருக்கிறது. ‘அனுப்புங்க’ என்றாலே முடிந்தது. ஆங்கிலத்தில் அந்த ‘ங்க’வுக்கு ஈடு ‘ப்ளீஸ்’ என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ‘ப்ளீஸ் சென்ட் அப்ரூவல் டுடே இட்செல்ஃப்’ என்று எழுதினால் ப்ளீஸ் இருந்தும் உத்தரவு போலத்தான் கேட்கும் என்று அக்கா சொன்னார். ‘இன்னைக்கே’ என்பதில் உள்ள ஏகாரத்தைத்தான் நாம் ‘இட்செல்ஃப்’ ஆக்குகிறோம் என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. அவர் சிவப்பில் எழுதியது: ‘குட் யூ ப்ளீஸ் சென்ட் த அப்ரூவல் டுடே? வி பிளான் டு ஸ்டார்ட் டையிங் டுமாரோ மார்னிங்.’ ‘குட் யூ’தான் அங்கே ‘ங்க’. ஏன் அவசரம் என்ற காரணம் அடுத்த வரியிலேயே இருப்பதால் ‘இட்செல்ஃப்’ தேவைப்படவில்லை.

கெட்ட செய்தி சொல்லும் மெயில்தான் எனக்குப் பெரிய பாடம். நோட்டில் என் பழைய மெயில் ஒன்று இப்படி இருக்கிறது: ‘டியூ டு பவர் ப்ராப்ளம் டிலே ஹேப்பண்ட். கைண்ட்லி அட்ஜஸ்ட் அண்ட் டூ த நீட்ஃபுல். வில் சென்ட் சூன்.’ ‘லேட்டாயிடுச்சு’ என்பதன் நேர் ஆங்கிலம் அது. எது லேட், எத்தனை நாள், இனி எப்போது வரும், எதுவுமே அதில் இல்லை. ‘அட்ஜஸ்ட்’ நம் ஊர்ச் சொல். அதைப் படித்துவிட்டு அங்கே எதைச் சரிசெய்வது என்று தேடுவார்கள். அரைமணி நேரம் உட்கார்ந்து திரும்ப எழுதினோம்: ‘த பிரிண்டிங் இஸ் டூ டேஸ் லேட் பிகாஸ் த யூனிட் ஹேட் எ பவர் ஃபெயிலியர் ஆன் மண்டே. வி வில் டிஸ்பாட்ச் த சாம்பிள்ஸ் ஆன் தர்ஸ்டே, 12 ஜூன். ஐ வில் சென்ட் யூ த டிராக்கிங் நம்பர் ஆன் த சேம் டே.’ இதில் ஒரு கடினச் சொல்கூட இல்லை என்பதைப் பாருங்கள். பெரிய பெரிய வார்த்தை தெரிந்தால்தான் ஆபீஸ் ஆங்கிலம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தேதியில் மாதத்தின் பெயரை எழுதுவதும் அப்போது வந்த பழக்கம்தான். 04/05 என்று எழுதினால் பிரிட்டன்காரருக்கு மே 4, அமெரிக்கருக்கு ஏப்ரல் 5.

பேச்சு இதைவிட மெதுவாகத்தான் வந்தது. பஸ்ஸில் பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் 6 நிமிட நிகழ்ச்சியைக் கேட்பேன். முதல் தடவை சும்மா, இரண்டாவது தடவை உதட்டசைவோடு. போனில் புரியாத இடத்தில் முன்பெல்லாம் ‘ஓகே ஓகே’ என்று கடந்துவிடுவேன். அதை நிறுத்த ஒரு வருடம் பிடித்தது. இப்போது ‘சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?’ என்று கேட்டுவிடுகிறேன். தர்ட்டீனா தர்ட்டியா என்று குழம்பினால் ‘ஒன் த்ரீ ஆர் த்ரீ ஜீரோ?’ எதிர்மறையாகக் கேள்வி வந்தால் யெஸ், நோ இரண்டையும் தனியாக விடுவதில்லை. ‘நோ, வி ஹேவன்ட் ரிசீவ்டு இட்’ என்று முழு வாக்கியம். பிறகு மேனேஜர் சொன்ன அந்த மெயில்.

என்னைவிட இருபது வயது மூத்தவரான அந்த பையரைப் பெயர் சொல்லி அழைப்பதற்கு வாய் வரவே இல்லை. ‘டியர் மேடம்’ என்றே எழுதிக்கொண்டிருந்தேன். அவரே ஒரு மெயிலில், தன்னைப் பெயர் சொல்லியே அழைக்கும்படி கேட்டுக்கொண்ட பிறகுதான் மாற்றினேன். முதல் சில தடவை அடித்து, அழித்து, திரும்ப அடித்தேன்.

ஆங்கிலம் வர வேண்டும் என்றால் தமிழில் யோசிப்பதை நிறுத்து என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் அனுபவம் நேர் எதிர். என்ன சொல்ல வருகிறேன் என்பதைத் தமிழில் ஒரு வரி தெளிவாக எழுதிய நாட்களில் ஆங்கில மெயில் சரியாக வந்தது. தமிழிலேயே எனக்குத் தெளிவில்லாத நாட்களில்தான் ‘கைண்ட்லி’யும் ‘நீட்ஃபுல்’லும் வந்து உட்கார்ந்தன.

இப்போது மூன்றாவது நோட்டில் இருக்கிறேன். சிவப்பு மை பெரும்பாலும் ‘எ’, ‘த’ இரண்டில்தான் விழுகிறது. முதல் தடவை சொல்லும்போது ‘ஒரு’ பொருந்தினால் ‘எ’, அடுத்த தடவை ‘அந்த’ பொருந்தினால் ‘த’ என்று போட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலும் கை கொடுக்கிறது. நேற்று எழுதியது: ‘வி ஃபவுண்ட் எ ஹோல் இன் ஒன் ரோல். த ஹோல் இஸ் நியர் த எட்ஜ், ஸோ வி கேன் கட் அரௌண்ட் இட்.’ எட்ஜுக்கு முதல் தடவையே ‘த’ எப்படி வந்தது என்று அக்காவிடம் கேட்டேன். அவர் ஒரு ரோலை மேசையில் விரித்து ஓரத்தைத் தடவிக் காட்டினார். “ரோல்னு சொன்னாலே ஓரம் அதோடதான இருக்குது? எந்த ஓரம்னு பையருக்கே தெரியுமல்ல.” அதையும் இடது பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.