ராமேசுவரத்துக்குக் கைக்குழந்தையோடு: ஊசியும் உப்புத்தண்ணீரும்

மே மாத லீவுக்கும் ஆடி அமாவாசைக்கும் ராமேசுவரம் கிளம்புகிற குடும்பங்கள் ரயில் டிக்கெட்டை இரண்டு மாதம் முன்பே எடுத்துவிடுகின்றன. குழந்தையின் தடுப்பூசி அட்டையைத் தேடுவது மட்டும் பெட்டி கட்டும் நாளில்தான். அன்று போடும் ஊசி அந்தப் பயணத்துக்கு உதவாது. எதிர்ப்பு சக்தி உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். டிக்கெட் எடுக்கும் அன்றே அட்டையையும் எடுத்துப் பாருங்கள். ஆறு வாரம் கையில் இருந்தால் விட்டுப்போன பெரும்பாலானவற்றைப் போட்டுக்கொள்ளலாம்.

ஆறு வாரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை (வீரியம் குறைத்த உயிருள்ள கிருமியால் ஆனவை) ஒரே நாளில் போட வேண்டும். தவறினால் நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும். ஃப்ளூ ஊசியை முதல்முறை போடும் சின்னப் பிள்ளைகளுக்கும் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை.

முதலில் அரசு அட்டவணையைச் சரிபாருங்கள். தட்டம்மை-ரூபெல்லா 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ்) பூஸ்டர் அதே 16-24 மாதத்தில் ஒன்று, 5 வயதில் ஒன்று. பள்ளியில் சேர்த்தபின் அட்டையை யாரும் தொடாததால் இந்தக் கடைசி பூஸ்டர்தான் அதிகம் விட்டுப்போகிறது. சீமைக் கருவேல முள்ளும் உடைந்த சிப்பியும் துருப்பிடித்த தூண்டில் முள்ளும் கிடக்கிற கரையில் செருப்பில்லாமல் ஓடும் பிள்ளைக்கு டெட்டனஸ் பாதுகாப்பு இல்லாமல் போகக்கூடாது.

அரசு அட்டவணைக்கு வெளியே இரண்டு ஊசிகளுக்குச் செலவு செய்யலாம் என்பது என் எண்ணம். ஒன்று, டைபாய்டு கான்ஜுகேட். 6 மாதம் முடிந்த குழந்தைக்கு ஒரே ஊசி. மற்றொன்று ஹெபடைடிஸ் ஏ, அதாவது தண்ணீராலும் சாப்பாட்டாலும் பரவும் மஞ்சள் காமாலைக்கானது. ஒரு வயது முடிந்தபின் போடலாம். இதில் ஒரே தவணை வகையும் உண்டு, ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை வகையும் உண்டு. பயணத்துக்கு முன் முதல் தவணை போட்டிருந்தால் போதும். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பல நாடுகளில் தட்டம்மை ஊசி ஒரு வயதுக்குப் பிறகே போடுகிறார்கள். 6 முதல் 11 மாதக் குழந்தையென்றால் முன்கூட்டியே ஒரு தவணை கேட்டுப் போடலாம். அது கணக்கில் சேராது. ஒரு வயதுக்குப்பின் வழக்கமான இரண்டும் வேண்டும்.

ஊசி போட்டாயிற்று என்று ஓய்ந்துவிட முடியாது. இந்தக் கரையில் பிள்ளைகளைப் படுக்க வைப்பவை பெரும்பாலும் ஊசிக்குக் கட்டுப்படாதவை. அதில் முதலாவது தண்ணீர்.

ராமநாதபுரம் கடற்கரையில் பல கிணறுகளும் ஆழ்துளைக் குழாய்களும் உப்புத்தண்ணீர். "கொதிக்க வைத்துத்தானே கொடுத்தேன்" என்பார்கள். கொதித்தால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்ற உப்பு கூடத்தான் செய்யும். அந்தத் தண்ணீரில் பால்பவுடரைக் கரைத்தாலும் ஓ.ஆர்.எஸ். கரைத்தாலும் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறும். வயிற்றுப்போக்குக்காகக் கொடுக்கிற மருந்தே கெடுதலாகிவிடும். நீங்கள் வாயில் விட்டுப் பாருங்கள். கரித்தால் குழந்தைக்கு ஆகாது. சீல் உடையாத பாட்டில் தண்ணீரோ நல்ல குடிநீரோதான் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் என்றால் எந்த வெயிலானாலும் தாய்ப்பால் மட்டும் போதும், அடிக்கடி கொடுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் 1 லிட்டர் அளவிலும் 200 மி.லி. அளவிலும் வருகிறது. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கரைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஒவ்வொரு முறை வயிற்றால் போனபின் 2 வயதுக்குள் 50-100 மி.லி., அதற்கு மேல் 100-200 மி.லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து ஸ்பூனால் கொடுங்கள். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் துத்தநாகம் (ஜிங்க்) தினம் 20 மி.கி., 14 நாள். கடைகளில் டெட்ரா பேக்கில் விற்கும் இனிப்பு பானம் ஓ.ஆர்.எஸ். கரைசலுக்கு ஈடில்லை. கரையோரக் கடையின் ஐஸ் போட்ட சர்பத்தை விட்டுவிடுங்கள்; எந்தத் தண்ணீரில் உறைந்த ஐஸ் என்று யாருக்கும் தெரியாது. நுங்கைக் கண்முன் வெட்டச் சொல்லி, கழுவிய கையால் நீங்களே எடுத்து ஊட்டலாம்.

அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடுவது வழக்கம். கூட்ட நாளில் ஈரத்துணியோடு வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கும். வாளியோடு தலையில் ஊற்றும்போது கைக்குழந்தை திணறித் தண்ணீரை விழுங்கிவிடும். உச்சந்தலையில் நாலு துளி தெளித்தால் ராமநாதசுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார். அம்மா ஆடும்போது அப்பா குழந்தையை உலர்ந்த துணியில் வைத்திருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். பிராகாரத் தரை ஈரத்தில் வழுக்கும். நடக்கும் பிள்ளையின் கையை விடாதீர்கள்.

தனுஷ்கோடிக்குக் காலை ஒன்பதுக்குள் போய்த் திரும்பிவிடுங்கள், இல்லையென்றால் நாலு மணிக்குமேல் போங்கள். அங்கே சாலை முடியும் அரிச்சல்முனையில் நிழல் அரிது, கடல் இழுப்பும் பொல்லாதது. பிள்ளைகளைக் குளிக்க விட வேண்டாம். ஒரு பக்கம், பெண் கடல் என்று ஊரார் சொல்லும் கடல், அமைதியாகக் கிடக்கிறதே என்று நம்பி இறக்காதீர்கள்.

கரையில் ஜெல்லி மீன் பட்டுவிட்டால் கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் மணலால் தேய்த்தாலும் தோலில் ஒட்டியிருக்கும் கொடுக்குகள் இன்னும் வெடிக்கும். திருக்கை, கெளுத்தி முள் குத்தினால் 45 டிகிரிக்கு மிகாத சுடுதண்ணீரில் அரை மணி நேரமாவது காலை வைத்திருக்க வேண்டும். சூட்டை உங்கள் கையால் பார்த்துக்கொள்ளுங்கள், வலியில் பிள்ளைக்குச் சூடு உறைக்காது. மூச்சுத் திணறினால் உடனே 108. நாயோ குரங்கோ கடித்தால், பிராண்டினாலும்கூட, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக்கூடாது.

வறண்ட மாவட்டத்தில் கொசு எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீர்ப் பஞ்சத்தால் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைக்கிறார்களே, அதில்தான். டெங்கு கொசு பகலில் கடிக்கும், ஆகவே மதியத் தூக்கத்துக்கும் வலை வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு டீட் என்ற கொசுவிரட்டி கலந்த களிம்பு பூசலாம். கை, கண், வாய்ப் பக்கம் வேண்டாம். சன்ஸ்கிரீன் முதலில், களிம்பு அதன்மேல்.

காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் மட்டும், கிலோவுக்கு 15 மி.கி. பத்துக் கிலோ குழந்தைக்கு 150 மி.கி.: சொட்டு மருந்தில் (1 மி.லி.க்கு 100 மி.கி.) 1.5 மி.லி., 5 மி.லி.க்கு 125 மி.கி. சிரப்பில் 6 மி.லி., 250 மி.கி. சிரப்பில் 3 மி.லி. வீட்டிலிருந்து சிரப்பும், வந்த இடத்தில் சொட்டு மருந்தும் என்று மாறும்போது பழைய அளவையே ஊற்றி விடுகிறார்கள். பாட்டிலைப் படித்துவிட்டு அளந்து கொடுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை இபுபுரூஃபன், ஆஸ்பிரின் கூடாது. காய்ச்சல் விட்டபின் வயிற்றுவலி, தொடர் வாந்தி, சோர்வு இருந்தால் அதுதான் ஆபத்தான நேரம்.

ராமேசுவரம் தீவுக்கு மலேரியாவும் புதிதல்ல. ஒருவகை மலேரியா கல்லீரலில் பதுங்கியிருந்து மாதங்கள் கழித்தும் காய்ச்சலாக வரும். ஊர் திரும்பியபின் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் கடற்கரைக்குப் போய் வந்ததை டாக்டர் கேட்கும்முன் நீங்களே சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனையில் மலேரியாவையும் பார்க்கச் சொல்லுங்கள்.