இரண்டாம் ஆண்டின் வரவேற்பு வாரம்

பிரிட்டனுக்குப் படிக்க வந்திருக்கும் நம் மாணவர்களில் பலர், முதல் ஆண்டு முடிந்து கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் வகுப்பு தொடங்கும் வரை அங்கேயே இருந்துவிடுகிறார்கள். வெல்கம் வீக், அதாவது வகுப்புகளுக்கு முன் நடக்கும் வரவேற்பு வாரம், புதிதாக வருகிறவர்களுக்குத்தானே, நமக்கு அங்கே என்ன வேலை என்ற நினைப்பு. நான் இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். இதுவரை பார்த்த வரவேற்பு வாரங்களில் எனக்கு மிகவும் உதவியது இரண்டாம் ஆண்டில் வந்ததுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இது செப்டம்பர் பாதிக்கு மேல், வகுப்புகளுக்கு முந்தைய வாரத்தில் வரும். ஸ்காட்லாந்தில் இன்னும் சற்று முன்னாலேயே தொடங்கிவிடும். முதல் ஆண்டில் இந்த வாரம் முழுக்க நம் கவனம் பதிவு, அறைச் சாவி, வங்கிக் கணக்கு என்றே போய்விடும். யார் பேசினாலும் உச்சரிப்பைப் பிடிக்கவே பாதி கவனம் செலவாகும். நூலகத்தைச் சுற்றிக் காட்டுவார்கள், ஆலோசனை மையத்தைப் பற்றிச் சொல்வார்கள், எதுவும் மனதில் தங்காது. ஓர் ஆண்டு இருந்து பார்த்த பிறகுதான் நமக்கு என்ன தெரியவில்லை என்பது தெரிகிறது. அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில், ஒரே வளாகத்தில் நமக்காக உட்கார்ந்திருப்பது ஆண்டில் அந்த ஒரு முறைதான்.

முதலில் வீட்டு விஷயம். முதல் ஆண்டில் விடுதி. மின்சாரம், வெந்நீர், இணையம் எல்லாம் வாடகையிலேயே அடங்கிவிடும். இரண்டாம் ஆண்டில் நாலைந்து பேர் சேர்ந்து வெளியே ஒரு வீடு எடுக்கிறோம். அங்கே எல்லாமே நம் தலையில்தான். மாணவர் சங்கத்தின் ஆலோசனை மேசைக்கு என் வாடகை ஒப்பந்தத்தைக் கையோடு கொண்டுபோனேன். முன்பணத்தை வீட்டு உரிமையாளர் 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட்டாக வேண்டும், எந்தத் திட்டம் என்பதை எழுத்தில் நமக்குத் தெரிவிக்கவும் வேண்டும் என்று அங்கேதான் விளக்கினார்கள். இது இங்கிலாந்து, வேல்ஸ் விதி. அதைவிட முக்கியமானது கவுன்சில் டாக்ஸ், அதாவது உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி. வீட்டில் இருக்கிற எல்லாருமே முழுநேர மாணவர்கள் என்றால் அந்த வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் படிப்பு முடிந்து வேலைக்குப் போகிற ஒருவர் உங்களோடு தங்கினால் வீட்டுக்கு வரி கட்டச் சொல்லிக் கடிதம் வந்துவிடும். இடம் தேடும் நண்பருக்கு அறை கொடுக்கிற பழக்கம் நம்மிடம் அதிகம், ஆகவே இதை முன்கூட்டியே பேசிக்கொள்வது எல்லாருக்கும் நல்லது.

வீடு மாறினால் மருத்துவரும் மாற வேண்டியிருக்கலாம். விடுதிப் பக்கம் பதிந்த ஜிபி (பகுதிக்கான பொது மருத்துவர்), புது முகவரிக்குச் சேவை தராமல் போகலாம். புது முகவரியைப் பல்கலைக்கழகத்துக்கும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் விசாவுக்குப் பொறுப்பேற்றிருப்பது அவர்கள். கோடையில் பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் புது எண்ணை இணையத்தில் நம் விசா விவரம் இருக்கும் இ-விசா கணக்கிலும் சேர்த்துவிட வேண்டும். இதற்கெல்லாம் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் அந்த வாரம் வரிசை வேகமாக நகரும். அக்டோபரில் போனால் சந்திப்பு நேரம் வாங்கக் காத்திருக்க வேண்டும்.

படிப்புக்கு வருவோம். பெரும்பாலான மூன்றாண்டுப் பட்டப்படிப்புகளில் முதல் ஆண்டு மதிப்பெண் இறுதித் தரத்தில் சேராது, தேர்ச்சி பெற்றால் போதும். இரண்டாம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு மதிப்பெண்ணும் சேரும். அதனால் வகுப்புகள் தொடங்கும் முன்பே பர்சனல் ட்யூட்டரை, அதாவது படிப்பில் எனக்கு வழிகாட்டும் ஆசிரியரை, போய்ப் பார்த்தேன். முதல் ஆண்டுக் கட்டுரைகளில் எழுதப்பட்டிருந்த குறிப்புகளை எடுத்துக்கொண்டு போனதால் பேச்சு நேராக விஷயத்துக்கு வந்தது. பாடத் தேர்வை மாற்றுவதற்கும் பல இடங்களில் முதல் ஓரிரு வாரங்கள்தான் அவகாசம்.

அப்புறம் வேலை. அடுத்த கோடையின் இன்டர்ன்ஷிப்புக்கும், படிப்பின் நடுவே ஒரு நிறுவனத்தில் வேலை செய்யும் ஓராண்டு பிளேஸ்மென்ட்டுக்கும் பெரிய நிறுவனங்கள் பல செப்டம்பரிலேயே விண்ணப்பம் திறந்துவிடுகின்றன. இடம் நிரம்பியதும் மூடியும் விடுகின்றன. ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் நல்லவை போயிருக்கும். வெளிநாட்டு மாணவர்களுக்கு இது இன்னும் அவசரம். படிப்புக்குப் பிறகு இங்கே தங்கி வேலை தேட உதவும் கிராஜுவேட் விசா இதுவரை 2 ஆண்டுகள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதங்கள்தான், முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு மட்டும் 3 ஆண்டுகள். தேடுவதற்கான காலம் குறைகிறது என்றால் தேடலைப் படிக்கும்போதே தொடங்க வேண்டும் என்றுதானே பொருள்? வேலைவாய்ப்பு மையத்தில் சிவியைக் காட்டித் திருத்திக்கொள்ள அந்த வாரத்தைவிட நல்ல நேரம் கிடைக்காது. பிளேஸ்மென்ட் ஆண்டைச் சேர்த்தால் விசாவை நீட்டிக்க வேண்டிவரும், எனவே கையெழுத்துப் போடும் முன் சர்வதேச அலுவலகத்தைக் கேட்டுவிடுங்கள்.

இவை எல்லாம் வேலைகள். எனக்கு அந்த வாரத்தில் உண்மையாகவே பலம் தந்தது மனிதர்கள். இரண்டாம் ஆண்டின் தனிமையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விடுதியில் எதிரறையில் இருந்தவர்கள் வேறு வேறு தெருக்களுக்குப் போய்விடுகிறார்கள். சிலர் வேறு நாட்டில் ஓர் ஆண்டு படிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். நம்மைத் தேடி யாரும் கதவைத் தட்டுவதில்லை. செப்டம்பரில் மட்டும் முன்பின் தெரியாதவரிடம் போய்ப் பேசுவது இங்கே எல்லாருக்கும் இயல்பாக இருக்கிறது. குளிர்காலத்துக்காக அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்த பிறகு மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும், அவரவர் கூட்டத்துக்குள் அவரவர் போய்விடுவார்கள். அதற்குள் நாலு பேரைச் சம்பாதித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வாரம் நான் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் மேசையில் நிற்க ஒப்புக்கொண்டேன். நம் சங்கங்களில் எத்தனை விதத் தமிழ் என்று அங்கேதான் தெரிந்தது. இங்கேயே பிறந்து சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எழுத்துக் கற்ற ஈழக் குடும்பத்துப் பிள்ளைகள், மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள், தமிழ்நாட்டிலிருந்து நேராக வந்து இறங்கியவர்கள். விருந்தினராக வந்து போகும்போது இவர்கள் தனித்தனிக் கூட்டம். மேசையைத் தூக்கிப் போட்டு, பேனரைக் கட்டி, ஒன்றாக நாள் முழுக்க நின்றால் அந்தப் பிரிவு தானாகக் கரைந்துவிடுகிறது.

அன்று ஒரு அப்பா மகளை விட வந்திருந்தார். சங்கத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "ஏம்மா, இவளுக்கு உடம்பு முடியலன்னா யார்கிட்ட போவா?" என்றார். ஜிபி பதிவு இலவசம், விசாவோடு கட்டிய சுகாதாரக் கட்டணத்திலேயே அது அடங்கும், முகவரிச் சான்று இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்று சொன்னேன். இரவில் அவசரம் என்றால் 111, உயிருக்கு ஆபத்து என்றால் 999 என்று தொலைபேசி எண்களை எழுதியும் கொடுத்தேன். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அக்கா, உங்க நம்பர் தர்றீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். இந்த நாட்டில் ஒருவருக்கு வழி சொல்லும் இடத்துக்கு நான் வந்துவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பல்கலைக்கழகங்கள் இந்த வாரத்துக்கென்று பழைய மாணவர்களைச் சம்பளத்துக்கும் எடுக்கின்றன. ஆள் சேர்ப்பது பெரும்பாலும் கோடைக்கு முன்பே. மாணவர் விசாவில் பட்டப்படிப்பு படிப்பவர்கள் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வரவேற்பு வாரம் விடுமுறையில் சேருமா, படிப்புக் காலத்தில் சேருமா என்பது இடத்துக்கு இடம் மாறும். கேட்டுத் தெரிந்துகொண்டு மணி நேரத்தை ஒப்புக்கொள்ளுங்கள்.

சில வளாகங்களில் வாக்காளர் பதிவுக்கும் ஒரு மேசை இருக்கும், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டினர் என்பதால், விசாவோடு இங்கே வசிக்கும்போது நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். வீடு மாறினால் மறுபடி பதிய வேண்டும்.

ஓராண்டு முதுகலைக்கு வந்தவர்களுக்கு இரண்டாவது செப்டம்பர் கிடையாது. பல பல்கலைக்கழகங்களில் ஜனவரியில் ரீஃப்ரெஷர்ஸ் என்று சிறியதாக இன்னொரு வரவேற்பு நிகழ்ச்சி நடக்கும், அதற்குப் போங்கள். கூட்டம் குறைவு, சங்கப் பொறுப்பாளர்கள் நின்று பேசுவார்கள், பாதி ஆண்டில் காலியான பொறுப்புகளும் சில சமயம் அப்போது நிரப்பப்படும்.