ஹோம்ஸ்டெட் வேலி: கட்டியதும் பிய்த்ததும்

நான் செய்கிற இந்த மாதிரிக்கு முதலில் போட்ட திட்டத்தில் வேலியே கிடையாது. ஓர் ஆறு, கரை, இரண்டு படகு, கரையில் கொஞ்சம் ஆட்கள், அவ்வளவுதான். 1892 ஜூலை 6 விடிகாலை, அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கத்து ஹோம்ஸ்டெட். கார்னகி எஃகு ஆலைத் தொழிலாளர்களும், நிர்வாகம் படகில் ஏற்றி அனுப்பிய 300 பிங்கர்டன் (கூலிக்குக் காவலாட்கள் தரும் தனியார் நிறுவனம்) ஆட்களும் மனனகஹீலா ஆற்றங்கரையில் எதிரெதிரே நின்ற நேரம். 1:100 அளவு, 90 சென்டிமீட்டர் நீளப் பிளைவுட். இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இப்போது நாலாவது மாதம் ஓடுகிறது.

படகில்தான் ஆரம்பித்தேன். ஏறத்தாழ 125 அடி நீளம், 20 அடி அகலம். மாதிரியில் 38 சென்டிமீட்டருக்கு 6. பார்க்கப்போனால் கூரை போட்ட நீளப் பெட்டி, சொந்த என்ஜின் கிடையாது. 'லிட்டில் பில்' என்ற நீராவிப் படகு இரவில் இவற்றை இழுத்துக்கொண்டு கிளம்பியது. ஒன்றின் பெயர் 'அயர்ன் மவுன்டன்', இன்னொன்று 'மனனகஹீலா'. ஒன்றில் படுக்கை அடுக்கு, மற்றதில் சாப்பாட்டுக்கூடம். நான் பல்சா மரச் சீவலில் அடுக்குக் கட்டில்களைக்கூட வரிசையாக ஒட்டினேன். மேலே கூரையை வைத்ததும் ஒன்றுமே தெரியவில்லை.

"தெரியாததை எதுக்குப்பா ஒரு வாரமா ஒட்டினீங்க?" என்றாள் மகள்.

நியாயமான கேள்விதான். உள்ளே இருந்தவர்களுக்கும் வெளியே என்ன என்று தெரியாது. நியூயார்க்கிலும் சிகாகோவிலும் ஆள் பிடித்து ரயிலில் ஏற்றியபோது பல பேருக்கு எந்த ஊருக்குப் போகிறோம் என்றே சொல்லவில்லை. வின்செஸ்டர் துப்பாக்கிகள் தனியாகப் பெட்டியில் வந்தன. கூரையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி மாற்றிவிட்டேன்.

தண்ணீர் சொதப்பல். ரெசின் ஊற்றிய அன்று நல்ல மழை, ஈரக்காற்றில் மேலே பால் படர்ந்தமாதிரி ஆகிவிட்டது. சுரண்டி எடுத்துவிட்டு, பழுப்புப் பெயின்ட் மேல் வார்னிஷ் எட்டு கோட். அதைப்பற்றி இனிப் பேச விருப்பமில்லை.

இனி வேலி. கரைக்குப் பின்னால் வெறும் அட்டைச் சுவர் வைத்திருந்தேன். பழைய படங்களைத் திரும்பப் பார்த்தபோதுதான் அது போதாது என்று பட்டது. ஆலையின் தலைவர் ஹென்றி கிளே ஃப்ரிக் அந்த வேலியைக் கட்டியது சண்டை வந்த பிறகு அல்ல, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே. சுமார் 12 அடி உயரம், மூன்று மைல் நீளம், உச்சியில் முள்கம்பி, உள்ளே மேடை போட்டு மின்சாரத் தேடுவிளக்குகள். ஊர்க்காரர்கள் அதற்கு 'ஃப்ரிக் கோட்டை' என்றே பேர் வைத்துவிட்டார்கள். 1:100 அளவில் முழு வேலியும் செய்தால் 48 மீட்டர் வரும்! எங்கள் மொட்டைமாடியைச் சுற்றி வளைத்தாலும் மிச்சம் இருக்கும். 90 சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொண்டேன்.

ஐஸ்கிரீம் குச்சியைத்தான் முதலில் எடுத்தேன். இரண்டு மில்லிமீட்டர் கனம் என்றால் நிஜத்தில் 20 சென்டிமீட்டர், அது பலகை இல்லை, ரயில்வே ஸ்லீப்பர். ஒரு மில்லிமீட்டர் பல்சா தகட்டைக் கீற்றாக வெட்டி ஒட்டியதும்தான் வேலி மாதிரி வந்தது. உயரம் 3.6 சென்டிமீட்டர். முள்கம்பிக்கு, கெட்டுப்போன மிக்ஸி மோட்டாரின் சுருள் கம்பியை இரண்டாக மடித்து டிரில்லில் மாட்டி முறுக்கினேன். விரலில் மூன்று இடத்தில் குத்திற்று.

இத்தனை பலகைக்கும் பின்னால் இருந்த பணத்தகராறு எவ்வளவு என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அங்கே திறமைத் தொழிலாளர்களுக்கு ஒரு டன் எஃகுக்கு இவ்வளவு என்று கூலி. சந்தையில் எஃகுக் கட்டியின் விலை ஏறினால் கூலி ஏறும், இறங்கினால் இறங்கும். ஆனால் விலை எவ்வளவு சரிந்தாலும் டன்னுக்கு 25 டாலர் என்று வைத்துத்தான் கூலி கணக்கிட வேண்டும் என 1889 ஒப்பந்தத்தில் ஒரு குறைந்தபட்ச வரம்பு இருந்தது. ஃப்ரிக் அதை 22 என்றார், கடைசியில் 23-க்கு வந்தார். தொழிலாளர் சங்கம் 24-க்கு இறங்கியது. ஜூன் 23-ம் தேதி பேச்சு முறிந்தபோது நடுவில் நின்றது ஒரு டாலர். அதோடு, ஒப்பந்தம் முடிகிற தேதியை ஜூனிலிருந்து டிசம்பருக்கு மாற்ற வேண்டும் என்றும் நிர்வாகம் கேட்டது. நடுங்குகிற குளிரில் எவன் வேலையை விட்டு வெளியே நிற்பான்? அந்தக் கணக்குதான்.

பேச்சு முறிந்த இரண்டாம் நாளே 300 ஆட்கள் கேட்டுப் பிங்கர்டனுக்குக் கடிதம் போய்விட்டது. வேலைநிறுத்தம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், ஆனால் ஒப்பந்தக் கெடு ஜூன் 30-ல் முடியும் முன்பே ஆலையைப் பகுதி பகுதியாக மூட ஆரம்பித்தது நிர்வாகம். அதற்கு நம் பாஷையில் கதவடைப்பு என்று பேர். ஆலை முதலாளி கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் ஓய்வில் இருந்தார்.

இங்கேதான் இந்த வேலையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி வருகிறது. வேலியில் துளைகள். மூன்று அங்குல அளவில், தோள் உயரத்தில் போட்டிருந்தார்கள். துப்பாக்கி நீட்டத்தான் என்றார்கள் தொழிலாளர்கள். அதே ஜூலையில் பிட்ஸ்பர்க்கில் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதற்கு என்றார் ஃப்ரிக். மூன்று அங்குலம் என்றால் என் அளவில் முக்கால் மில்லிமீட்டர், அதாவது குண்டூசி முனை. தரையிலிருந்து 1.4 சென்டிமீட்டரில் வரிசையாகக் குத்தினேன். பிறகு ஓர் ஆளைக் கொண்டுபோய்ப் பின்னால் நிறுத்தினேன். துளை அவன் தோளுக்கு நேராக இருந்தது, கண்ணுக்கு நேராக இல்லை. பார்க்க வேண்டுமென்றால் அவன் குனிய வேண்டும். துப்பாக்கியைத் தோளில் வைத்தாலோ குழல் நேரே போய்த் துளையில் உட்காருகிறது. நாலைந்து ஆட்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டேன். நான் ஃப்ரிக்கை நம்பவில்லை.

ஆட்கள் கட்டட மாடலுக்கு விற்கிற ரெடிமேட் பொம்மைகள். எல்லாம் டீஷர்ட், தோள்பை. பையைச் சீவிவிட்டு, பேப்பர் பஞ்ச் வட்டத்தில் தொப்பி விளிம்பு, எம்சீலில் தொப்பி மண்டை. கரைக்கு ஓடிவந்த கூட்டத்தில் பெண்களும் பிள்ளைகளும் இருந்ததால் இருபது பொம்மைக்கு எம்சீலில் கணுக்கால் வரை பாவாடை. மொத்த ஆலையில் 3,800 பேர் வேலை. சங்கத்தில் இருந்தவர்கள் 800-க்கும் குறைவு. மற்றவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த கூலிகள், அந்த ஒப்பந்தத்தில் அவர்களுக்கு ஒன்றும் கிடையாது. அவர்களும் கூட்டம் போட்டு, சங்கத்தோடு நிற்பது என்று முடிவெடுத்தார்கள். அதனால் என் கூட்டத்தில் நல்ல கோட்டு போட்டவன் பக்கத்திலேயே கிழிசல் சட்டைக்காரனையும் நிறுத்தியிருக்கிறேன்.

எந்த நொடியைக் காட்டுவது என்பதில் பத்து நாள் போயிற்று. முதல் குண்டு எந்தப் பக்கமிருந்து வந்தது என்று இன்றுவரை தீரவில்லை. முதலில் காயம்பட்டவர்களில் தொழிலாளி வில்லியம் ஃபாயும் உண்டு, பிங்கர்டன் தலைவர் ஹைண்டும் உண்டு. பொம்மையின் கையில் துப்பாக்கியை உயர்த்தி ஒட்டினால் நான் தீர்ப்புச் சொன்னதாகிவிடும். எனவே படகிலிருந்து நடைபலகை இறங்கிவிட்டது, யாரும் அதில் கால் வைக்கவில்லை, அந்த நொடி. அதற்குப் பிறகு சாயங்காலம் வரை நடந்ததை (பீரங்கி, டைனமைட், எண்ணெய் ஊற்றி எரித்துவிட்ட தெப்பம், வெள்ளைக்கொடி) நான் செய்யவில்லை. குறைந்தது பத்துப் பேர் செத்த நாள் அது. ஆறாம் நாள் மாநிலப் படை 8,500 பேர் வந்து இறங்கியது, நவம்பரில் சங்கம் கைவிட்டது.

எல்லாம் ஒட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் ஒரு பெரிய தப்பு. கூட்டம் கரையில் நிற்கிறது, வேலி பின்னால் முழுசாக நிற்கிறது. பிறகு எப்படி வேலியைத் தாண்டிக் கரைக்கு வந்தார்கள்? பிய்த்துக்கொண்டுதான் வந்தார்கள். மூன்று வாரம் கட்டிய வேலி!

மகளைத்தான் பிய்க்கச் சொன்னேன், எனக்குக் கை வரவில்லை. அவள் கட்டைவிரலை வைத்து ஒரே அழுத்து. எட்டு சென்டிமீட்டர் போயிற்று. முறிந்த முனைகள் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன, வெளிப்பக்கம் மட்டும் நான் பூசிய சாம்பல் நிறம். கறுப்படிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன், புதுப் பலகைதானே. உதிர்ந்த துண்டுகள் தீப்பெட்டியில் இருக்கின்றன. இந்த ஞாயிறு அவற்றைக் கரைப்பக்கமாகச் சாய்த்து ஒட்ட வேண்டும்.