புக்கிட் கியாராவில் செயின் இல்லாமல் ஒரு காலை

ஈப்போவிலிருந்து சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினேன். காரின் பின்சீட்டை மடக்கி என் மலைச் சைக்கிளைப் படுக்க வைத்திருந்தேன். ஏழு மணிக்கு முன்பே கோலாலம்பூர், தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் சித்தி வீட்டு வாசலில் நின்றேன். கேட்டைத் திறக்கும்போதே தம்பி கேட்டான்: "ண்ணே, கால் இன்னும் எரியுதா?"

எரிந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு மாதமாகக் கிளெடாங் மலையில் இறங்கும்போதெல்லாம் உள்ளங்காலில் யாரோ கட்டையால் தட்டுவது போல இருக்கும். வேரும் கல்லும் அடுத்தடுத்து வந்தால் கால் பெடலைவிட்டு எகிறிவிடும். அதிர்வைத் தாங்கும் ஷாக்கில் காற்றைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன். புது ஷூ வாங்கினேன். ஒன்றும் மாறவில்லை. "சைக்கிளைத் தூக்கிக்கிட்டு வாங்க, நம்ம கியாராவில் பார்த்துக்கலாம்" என்று அவன் சொன்னதால்தான் இந்தப் பயணம்.

புக்கிட் கியாரா அவன் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரம்தான். நகரத்துக்கு நடுவில் இப்படி ஒரு காட்டுப் பாதை இருப்பதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஒரு காலத்தில் அது ரப்பர் தோட்டம். அங்கே பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்களை 1980களில் தாமான் துன்னில் ரூமா பாஞ்சாங் என்னும் நீள வீடுகளுக்கு மாற்றினார்கள். நிரந்தர வீட்டுக்காக அவர்கள் காத்திருந்த வருடங்களைச் சித்தி இன்னும் ஆற்றாமையோடுதான் சொல்வார். மரங்கள் மட்டும் அங்கேயே நிற்கின்றன. என் பாட்டியும் சுங்கை சிப்புட் பக்கம் பால் வெட்டியவர். அதனால் மழை மண்ணை அரித்து வெளியே தள்ளிய அந்த ரப்பர் வேர்களைப் பார்த்தால், சைக்கிளில் போகும்போதுகூட ஒரு நிமிடம் நின்றுவிடத் தோன்றும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் தடவை என் சைக்கிளிலேயே இறங்கினேன். சரிவும் வளைவும் அதிகமான பாதை, வேகம் எடுக்க இடமில்லை. பிரேக்கைப் பிடித்தபடி வேர்மேல் விழுந்தபோதெல்லாம் அதே அடி. கீழே வந்ததும் தம்பி ஒன்றும் பேசாமல் பையிலிருந்து பிளையரை எடுத்து, செயினை இணைக்கும் குயிக் லிங்கைத் திறந்து செயினை உருவிவிட்டான். "இப்படியே மேலே தள்ளிக்கிட்டுப் போய் இறங்குங்க."

இருபது நிமிடம் தள்ளினேன், வியர்வை ஊற்றியது. பிறகு அதே பாதை, அதே வேர்கள், அதே சைக்கிள். ஆனால் கால் அமைதியாக இருந்தது! பின்சக்கரம் கீழே தன் பாட்டுக்கு ஏறி இறங்கியது, பெடல் அசையவில்லை. செயின் சட்டத்தில் அடிக்கும் சடசட சத்தமும் இல்லாததால் டயர் மண்ணை உரசுவது காதில் விழுந்தது. பத்து வருடமாக சைக்கிள் ஓட்டுகிறேன், என் சஸ்பென்ஷன் இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மாமாக் உணவுக் கடையில் ரொட்டி சானாய் வரும்வரை தம்பி மேசையில் விரலால் வரைந்து காட்டினான். சக்கரம் வேரில் ஏறினால் சஸ்பென்ஷன் அமுங்கும். பெரும்பாலான சைக்கிள்களில் அப்போது பின் அச்சுக்கும் பெடல் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம் கொஞ்சம் கூடும். மேல்பக்கச் செயினுக்கு அந்த நீளம் எங்கிருந்தாவது வர வேண்டும். காசெட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) முன்னால் சுழன்று கொடுக்கும் வரை தொந்தரவு இல்லை. ஆனால் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் பற்கள் காசெட்டைக் கவ்விவிட்டால், சக்கரத்தைச் சுற்றாமல் காசெட் சுற்ற முடியாது. உடனே செயின் முன்பக்கப் பல்சக்கரத்தைப் பின்னால் இழுக்கும், பெடலைத் தாங்கும் கிராங்க் திரும்பும், பெடல் காலை உதைக்கும். இதைத்தான் பெடல் கிக்பேக் என்கிறார்கள். பெடலை என் எடை அழுத்திக்கொண்டிருப்பதால் செயின் பதிலுக்கு சஸ்பென்ஷனைப் பிடித்து நிறுத்தும். இரண்டு பக்கமும் நஷ்டம்.

வேகமாகப் போகும்போது சக்கரம் காசெட்டை முந்திச் சுழல்வதால் ஹப் கவ்வும் வாய்ப்பு குறைவு. பிரேக்கால் சக்கரம் நின்றிருக்கும்போது விழுந்தால்தான் முழு அடி. கியாராவின் மெதுவான, செங்குத்தான வேர்ப்பாதையில் என் கால் ஏன் அப்படித் துடித்தது என்பது அப்போது புரிந்தது.

அப்புறம் அவன் போனில் பழைய டவுன்ஹில் (மலையிறக்க) சைக்கிள் பந்தயங்களைக் காட்டினான். 2014இல் நார்வேயின் ஹாஃப்யெல்லில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் நெகோ முலாலி செயின் அறுந்தும் நான்காவதாக வந்தார். 2015இல் ஆஸ்திரியாவின் லியோகாங் உலகக் கோப்பையில் ஆரன் குவினுக்குப் புறப்பட்ட உடனேயே செயின் அறுந்தது. அவர் ஜெயித்தேவிட்டார். அவர்கள் திறமை பெரிது, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் காலையில் நான் உணர்ந்ததற்குப் பிறகு அந்த வீடியோக்களை வேறு கண்ணால் பார்த்தேன்.

தினமும் செயின் இல்லாமல் ஓட்ட முடியாதே. டவுன்ஹில் சைக்கிள்களில் சிலர் சஸ்பென்ஷன் மடங்கும் முக்கிய பிவட்டை (மூட்டை) உயரத்தில் வைத்து, அதன் பக்கத்தில் ஒரு சின்ன ஐட்லர் சக்கரத்தின்மேல் செயினை ஓட்டுகிறார்கள். ஐட்லரிலிருந்து பின் அச்சு வரையுள்ள தூரம் அதிகம் மாறாது, அதனால் இழுப்பு குறையும். கமன்சால் சுப்ரீம் என்ற சைக்கிள் அப்படிப்பட்டதுதான். அதற்குச் சைக்கிளையே மாற்ற வேண்டும். இத்தாலியின் ஓசெயின் என்ற கருவி வேறு வழியில் போகிறது: பல்சக்கரம் கிராங்கோடு இறுகாமல், செயின் இழுத்தால் சில டிகிரி தனியாகத் திரும்பிக் கொடுக்கும். நல்ல பொருள், விலைதான் பயமுறுத்துகிறது.

என் வம்பு வேறு இடத்தில் இருந்தது. இரண்டு மாதம் முன்பு ஆசைப்பட்டு வாங்கிய பின்சக்கரம்! அதன் ஹப் 3 டிகிரி சுழன்றாலே கவ்வும். மிதித்தால் உடனே பிடிக்கிறதே என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்த உடனடிப் பிடிப்புதான் ஒவ்வொரு வேரையும் என் காலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. தம்பியின் சக்கரத்தில் டிடி ஸ்விஸ் ஹப், உள்ளே கவ்வும் வேலையைச் செய்யும் 18 பல் ராட்செட். ஒரு பல்லுக்கு 20 டிகிரி. கவ்வுவதற்கு முன் அவ்வளவு இடைவெளி கிடைக்கலாம், செயின் இழுப்பில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும்.

மத்தியானம் மழைக்கு முன் அவனுடைய சக்கரத்தை என் சைக்கிளில் மாட்டி, செயினைப் போட்டு இறங்கினேன். செயின் இல்லாத அமைதி முழுசாக வரவில்லை. கீழ்ப்பக்கச் செயின் துள்ளுவதையும் கியர் மாற்றும் கருவி (டீரெய்லர்) அதை இழுப்பதையும் ஹப் நிறுத்தாது. ஆனால் அந்தக் கட்டையடி போய்விட்டது. ஏறும்போது இதற்கு விலை உண்டு: முன்னும் பின்னும் பல் எண்ணிக்கை சமமான கியரில், 170 மி.மீ. கிராங்கில் 20 டிகிரி என்றால், பெடல் பிடிக்கும் முன் கால் கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் சும்மா போகலாம். பழைய ஹப்பில் அது 9 மி.மீ. தான். வேர்ப்படியில் பாதி மிதியாக ஏறுபவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். நான் அதிகம் இறங்குகிறவன், எனக்கு இந்தப் பேரம் சம்மதம்.

சாயங்காலம் சித்தி ஃப்ளாஸ்க்கில் டீ ஊற்றிக் கொடுத்தார். சக்கரத்தைக் கழற்றப் போனேன், தம்பி தடுத்தான். "உங்களுதை இங்க விட்டுட்டுப் போங்கண்ணே. நான் தார் ரோட்டுலதான் ஏறுறேன், எனக்கு அது சரியா இருக்கும்."

தாப்பா தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை கிளெடாங்கில் மண் ஈரமாகத்தான் இருக்கும்.