அம்மாவின் வலக்கையும் ஓர் ஊசிக் கதையும்

அம்மாவுக்கு மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைத்து, வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. வைத்தியசாலை நாட்களைப் பற்றி எழுத அதிகமில்லை. திருகோணமலை உப்புவெளி வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகுதான் கதையே.

முதல் கிழமையிலேயே வெளிநாட்டுச் சொந்தக்காரர் ஒருவர் ஒரு வீடியோ அனுப்பினார். ஸ்டெம் செல், அதாவது வேறு கலங்களாக மாறக்கூடிய மூலக் கலங்களை, ஊசியாகப் போட்டால் செத்த மூளை திரும்ப முளைக்குமாம். செலவைக் கேட்டால் காணியை விற்கவேண்டும் போலிருந்தது. தம்பி விற்கத் தயார். எனக்கு அவ்வளவு தைரியமில்லை, முதலில் வாசிப்போம் என்றேன்.

வீடியோவில் முழுப் பொய் இல்லை. வளர்ந்த மனிதரின் மூளையில், நினைவுக்கு வேண்டிய ஹிப்போகாம்பஸ் பகுதியில், புதிய நரம்புக்கலங்கள் பிறப்பதை 1998இல் எரிக்சன் குழுவினர் காட்டினார்கள். 2018இலோ ஓர் ஆய்வு வளர்ந்தவர்களில் அப்படி எதையும் காணவில்லை என்றது, இன்னொன்று முதுமையிலும் பிறக்கிறது என்றது. அவர்கள் அடிபடட்டும். அம்மாவின் கையை ஆட்டும் இடம் அதுவல்ல, பெருமூளையின் மேற்பட்டை. அங்கே பழுதை நிரப்பும் அளவுக்குப் புதிய கலம் பிறப்பதில்லை. இப்படி விற்கிற ஊசிகளில் பெரும்பாலும் என்பு மச்சையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுத்த கலங்கள்தான். அவை நரம்பாகி, அறுந்த இணைப்பைச் சேர்க்கும் என்பது நிரூபிக்கப்படவில்லை. முறையான ஆய்வு என்றால் பொதுவாக நோயாளியிடம் காசு வாங்கமாட்டார்கள் என்று காட்டியதும் தம்பி அடங்கினான்.

பிசியோதெரபி மிஸ் சுருக்கமாகச் சொன்னார்: “செத்தது செத்ததுதான். பக்கத்தில் உயிரோடு இருக்கிறதுக்கு அந்த வேலையைப் பழக்கவேணும்.” அம்மா உடனே, “கிண்ணியாப் பாலம் வரமுன்னம் பாதையில போனமே, அப்பிடியோ?” என்றார். பாதை என்றால் பாலம் இல்லாத காலத்தில் தண்ணீரைக் கடக்க ஓடிய மிதவை. மிஸ் சிரித்துவிட்டார்.

மணிக்கட்டைக் கொஞ்சமாவது தானாகத் தூக்க வரும்வரை மிஸ் காத்திருந்தார். அதன் பிறகு நல்ல கைக்கு உறை, பழுதான கையே வேலை செய்யவேண்டும் என்பதற்காக. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய முறை இது. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில் விழித்திருக்கும் நேரத்தில் 90 வீதம் நல்ல கையைக் கட்டிவைக்கச் சொன்னார்கள், 2 கிழமைக்கு. எங்களுக்கு மிஸ் ஒரு நாளைக்கு 3 மணித்தியாலம் வைத்தார். நடக்கும்போதும் அடுப்படியிலும் கட்டாயம் கழற்றவேண்டும்.

பச்சைப்பயறும் அரிசியும் கலந்து சுளகில் கொட்டுவேன். பயறை மட்டும் வலக்கையால் பொறுக்கவேண்டும். முதல் நாள் அரை மணித்தியாலத்தில் 7 பயறு. நாலாம் நாள் சுளகையே தட்டிவிட்டு, “நான் என்ன நேசறிப் பிள்ளையா?” என்று அழுதார். நான் பயறைக் கூட்டி அள்ளிவிட்டு வெளியே போய் நின்றேன். அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த நாள் உடுப்புக் கிளிப்பைக் கொடியில் மாட்டிக் கழற்ற வைத்தோம், அது அவருக்குப் பிடித்தது. தான் ஏதோ வேலை செய்கிறோம் என்றிருக்கும்.

இப்போது எட்டாம் மாதம். சட்டைப் பொத்தான் இன்னும் பூட்ட வராது. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்குவார், பாதிதான் நிரப்பவேண்டும். நேற்றுத் திருவலையில் பாதித் தேங்காயில் அரைவாசி திருவினார். நான் திரும்பியதும் இடக்கைக்கு மாற்றியிருப்பார் என்றே நினைக்கிறேன், கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டார்.