டெபியன் 12-இன் டெசராக்டை டெபியன் 11-இல் கட்டிய கதை

எங்கள் தெருக் கோயிலின் பழைய தலவரலாற்றுப் புத்தகங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றும் வேலையை 2023 ஐப்பசியில் தொடங்கினேன். மன்னார்குடி வீட்டில் இருந்தது பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப். அதில் வந்த பாஸ் லினக்ஸ், டெபியன் என்ற இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டது. டெபியன் எனக்கு அறிமுகமானதே அதனால்தான். இப்போது அதில் ஓடுவது டெபியன் 11. அதிலிருந்த டெசராக்ட் 4.1.1 (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் நிரல்) ஒவ்வொரு பக்கத்துக்கும் மூச்சு வாங்கியது. 5-ஆம் பதிப்பு கணக்குகளை டபுள் வகை எண்களுக்குப் பதில், பாதி இடமே பிடிக்கும் ஃப்ளோட் வகையில் போடுவதால் வேகம் கூடும், நினைவகமும் மிஞ்சும். டெபியன் 12-இல் 5.3.0 இருந்தது.

முதலில் செய்தது தவறு. 12-இன் நிரல்கள் கிடைக்கும் களஞ்சியத்தின் முகவரி வரியை அப்படியே சேர்த்து நிறுவச் சொன்னேன். கேட்டது ஒரு நிரல். லிப்சி6 என்ற அடிப்படை நூலகத்தில் தொடங்கி, மாற்ற வேண்டியவற்றின் பட்டியல் திரை நிறைய வந்தது. 11-இல் இருக்கும் லிப்சி 2.31, 12-இல் 2.36. அதை மாற்றினால் மற்ற எல்லா நிரலுக்கும் அடித்தளமே மாறிவிடும். இப்படி இரண்டு வெளியீடுகளைக் கலந்த கணினியை டெபியன்காரர்கள் ஃபிராங்கன்டெபியன் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லி அந்த வரியையும் அழித்தேன்.

சரியான வழி சோர்ஸ் பேக்கேஜை, அதாவது இன்னும் கட்டாத மூல நிரல் தொகுப்பை, மட்டும் எடுப்பது. விளைந்த பயிரைப் பெயர்த்து வராமல், விதைநெல்லை வாங்கி நம் வயலிலேயே நாற்றுவிடுவது மாதிரி. டெபியனிலிருந்து உருவான உபுண்டுவும் இதைத்தான் பெரிய அளவில் செய்கிறது: டெபியனின் வளர்ச்சிக் கிளையான அன்ஸ்டேபிளின் சோர்ஸை எடுத்துத் தன் கணினிகளில் மறுபடி கட்டுகிறது. உபுண்டுவில் திருத்தம் செய்திருந்தால் பதிப்பு எண்ணின் வாலில் 'உபுண்டு1' என்று இருக்கும்.

12-இன் சோர்ஸுக்கான டெப்-எஸ்ஆர்சி வரியை மட்டும் சேர்த்தேன். சோர்ஸை இறக்கியதும் மூன்று கோப்புகள்: மூல நிரல், டெபியன்காரர்களின் கட்டுமானக் குறிப்புகள், இரண்டையும் பிணைக்கும் டிஎஸ்சி கோப்பு. பில்ட்-டெப் கட்டளை தேவையான நூலகங்களை 11-இலிருந்தே கொண்டுவந்தது.

சேஞ்ச்லாக் என்ற மாற்றக் குறிப்புக் கோப்பில் பதிப்பு எண்ணுக்குப் பின்னால் ~பிபிஓ11+1 (11-க்கான பேக்போர்ட் என்பதன் சுருக்கம்) என்று சேர்த்தேன். இதை விட்டுவிடாதீர்கள். அந்த ~ குறி இருந்தால் நம் பேக்கேஜ் 12-இல் உள்ளதைவிடப் பழையதாகக் கணக்காகும். நாளை 12-க்கு மாறும்போது அசல் பேக்கேஜ் தானாக வந்து அமரும்.

கட்டுவதில்தான் பாடுபட்டேன். 2 ஜிபி ரேம். சிபியுவின் இரண்டு கோரிலும் மூல நிரலை இயங்கும் நிரலாக்கும் கம்பைலர் ஓட, மவுஸ் அம்பு நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு நேரத்தில் ஒரு வேலை போதும் என்று பேரலல்=1 கொடுத்ததும் மெதுவாக நகர்ந்தது. அப்புறம் மழை, கரண்ட் போனது. பேட்டரி செத்து வருடமாகிறது. மறுபடி தொடங்கினால் கட்டும் கட்டளையான டிபிகேஜி-பில்ட்பேக்கேஜ் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். -என்சி சேர்த்தால் துடைக்காது, விட்ட இடத்திலிருந்து தொடரும். அதைத் தெரிந்துகொள்வதற்குள் ஒரு முழு மாலை போயிற்று.

அப்பா எட்டிப் பார்த்து, "இன்னுமா தம்பி?" என்றார். சாப்பிட்டு வந்தபோது நிறுவத் தயாரான டெப் கோப்புகள் வரிசையாக இருந்தன. லிப்டெசராக்ட்4, லிப்டெசராக்ட்5 என்று பெயரே வேறு என்பதால் பழைய நூலகத்தோடு மோதல் இல்லை.

வேகம் கண்கூடாகக் கூடியது. ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில், துதிக்கை போல் கொம்பு வளைந்த 'லை' வந்தால் இன்னும் தடுமாறுகிறது. மொழித் தரவு அதேதான். அந்தச் சொற்களைக் கையால் திருத்தி வருகிறேன். 40 பக்கம் முடிந்திருக்கிறது.